இடைநிலைப்பள்ளியில் இயங்கலைவழி வரலாற்றுக் கல்வி: மாணவர், ஆசிரியர் பார்வைகள்

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் வரலாறு கட்டாயப் பாடமாகும். 2013ஆம் ஆண்டு முதல், எஸ்.பி.எம். சான்றிதழ் பெறுவதற்கு அப்பாடத்தில் தேர்ச்சி இன்றியமையாததாக ஆக்கப்பட்டது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது வரலாற்று வகுப்பும் திரைக்கு இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு ஜூனில் கல்வி அமைச்சு 'டெலிமா' தளத்தைத் தொடங்கியது. பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் இயங்கலைக் கற்றல் துணைமுறையாகத் தொடர்வதால், அதனைப் பற்றிய இருதரப்புப் பார்வைகளையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மாணவர் முதன்மையாகக் கூறும் நன்மை, பாடத்தை நிறுத்தியும் மீட்டும் கேட்க இயல்வதாகும். தமிழ்ப்பள்ளியில் தாய்மொழிவழிக் கற்றுவந்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிவழி வரலாறு பயில்வோர்க்கு இவ்வசதி பெருந்துணையாகிறது. எனினும், ஒரே கைப்பேசியை உடன்பிறந்தோருடன் பகிர்ந்துகொள்ளும் மாணவர்க்கு இந்நன்மை முழுமையாகக் கிட்டுவதில்லை.

ஆசிரியரின் கவலை வேறு வகையினது. ஒளிப்படக்கருவிகள் அணைக்கப்பட்ட வகுப்பில் எவர்க்குப் புரிந்தது, எவர்க்குப் புரியவில்லை என்பதை முகக்குறிப்பால் அறிய முடிவதில்லை. புலனத்தில் வந்துசேரும் பயிற்சிகளுள் எது மாணவரின் சொந்தச் சிந்தனை என்பதும் ஐயத்திற்குரியது.

இவ்விரு பார்வைகளும் முரண்பட்டவை அல்ல. சான்றாக, மலாயன் யூனியன் 1946 ஏப்ரல் 1இல் தோன்றியது. 1948 பிப்ரவரி 1இல் அதனிடத்தில் மலாயாக் கூட்டரசு அமைந்தது. இச்செய்திகளைக் காணொலி செவ்வனே உணர்த்திவிடும். ஆனால், சுல்தான்களின் இறைமை பறிபோனதும் குடியுரிமை விதிகள் தளர்ந்ததும் மலாய்க்காரரிடையே ஏன் அத்துணை எதிர்ப்பை எழுப்பின, பிற இனத்தார் அதனை எவ்வாறு நோக்கினர் என்னும் வினாக்களுக்குக் கலந்துரையாடல் தேவை. பல இன மாணவர் ஒருங்கே அமர்ந்திருக்கும் வகுப்பில் இவை வெறும் தேர்வு வினாக்கள் அல்ல. ஒருவர் மற்றவரின் அச்சத்தையும் நியாயத்தையும் அறியும் வாய்ப்பும் ஆகும்.

ஆகவே, நிகழ்ச்சிகளையும் ஆண்டுகளையும் இயங்கலைவழி முன்கூட்டியே கற்கச் செய்து, வகுப்பு நேரத்தை விவாதத்திற்கு ஒதுக்குதல் பொருத்தமாகும். இணையம் மூலச்சான்றுகளையும் அளிக்கிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளத்தில் 1946ஆம் ஆண்டின் 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' இதழ்களைக் காணலாம். அக்காலச் செய்தியொன்றைப் பாடநூற் பகுதியுடன் ஒப்பிட்டு, எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதனைக் கூறாது விடுத்தார் என மாணவரை வினவச் செய்யலாம். அத்தகைய பயிற்சியின் விடையைப் பிறரிடமிருந்து படியெடுப்பதும் எளிதன்று. மாணவர் விரும்பும் வசதியும் ஆசிரியர் நாடும் சிந்தனையும் இம்முறையில் ஒருங்கே நிறைவேற வழியுண்டு.