கெர்னலில் ஒரு சின்ன பக். முடங்கியது நெட்வொர்க் கார்டு!

"சாஃப்ட்வேர் கோளாறால் ஹார்ட்வேர் கெடாது சார், மறுபடி இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும்" என்று கம்ப்யூட்டர் விற்றவர் உங்களிடம் சொல்லியிருப்பார். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் 2008-ல் லினக்ஸில் நடந்ததைக் கேளுங்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியைக் கெர்னல் என்பார்கள். அந்த ஆண்டு 2.6.27 என்ற லினக்ஸ் கெர்னலை வெளியீட்டுக்கு முன் சோதித்துப் பார்த்த சிலருக்கு, இன்டெல் நெட்வொர்க் கார்டு திடீரென்று படுத்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்தாலும், பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் பலனில்லை. கார்டுக்குரிய முகவரி முதலான விவரங்களை வைத்திருக்கும் பிளாஷ் மெமரியே கெட்டுப் போயிருந்தது. எல்லோரும் கார்டை இயக்கும் இ1000இ டிரைவரைத்தான் சந்தேகப்பட்டார்கள். திருட்டு போனால் முதலில் வாட்ச்மேனைத்தானே பிடிப்போம்!

உண்மைக் குற்றவாளி எஃப்டிரேஸ். கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷன் எப்போது ஓடுகிறது என்று கண்காணிக்க ஸ்டீவன் ரோஸ்டட் எழுதிய வசதி இது. இதற்காக ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் ஒரு கட்டளை இருக்கும். கண்காணிப்பு தேவையில்லாதபோது வேகம் குறையக்கூடாதே! எனவே அந்த இடங்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, அங்கெல்லாம் 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றி எழுதிவிடும்.

இங்கேதான் பிழை. தொடக்கத்தில் ஒரே ஒருமுறை தேவைப்படும் புரோகிராம் பகுதிகளைக் கெர்னல் பிறகு மெமரியிலிருந்து நீக்கிவிடும். ஆனால் பட்டியலில் அந்த முகவரிகள் அப்படியே இருந்தன. காலியான அதே முகவரி, சில கம்ப்யூட்டர்களில் கார்டின் பிளாஷ் மெமரிக்குக் கொடுக்கப்பட்டது. குடியிருந்தவர் காலி செய்த வீட்டுக்குப் பழைய சாவியுடன் போவது போல!

எஃப்டிரேஸ் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. பழைய கட்டளை அங்கே இருந்தால் மட்டும் மாற்றச் சொன்னது. ஆனால் அதற்குப் பயன்படுத்திய பிராசசர் கட்டளை, பொருந்தாவிட்டாலும் இருந்த மதிப்பையே திரும்ப எழுதும். சாதாரண ரேமில் இதனால் கெடுதல் இல்லை. கார்டில் எதை எழுதினாலும் அது ஓர் ஆணை.

2.6.27 வெளியானது 2008 அக்டோபர் 9. சில நாட்களில் வந்த 2.6.27.1, கட்டளைகளை மாற்றி எழுதும் இந்த வசதியை முடக்கியது. 2.6.28-ல் பட்டியல் கம்பைல் செய்யும்போதே தயாரானது. முதலில் படித்து, பொருந்தினால் மட்டுமே எழுதும்படி கோடும் திருத்தப்பட்டது. வாட்ச்மேன் நிரபராதிதான் என்றாலும், பிளாஷ் மெமரிக்குப் பூட்டுப் போடும் வசதியை இ1000இ டிரைவரிலும் சேர்த்துவிட்டார்கள்.