தேனீயை அளந்தால் அதன் ஊர் தெரியும்

தருமபுரி மாவட்டத்தில் புளிய மரப் பொந்திலும் கிணற்றுச் சுவர் இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டி வாழும் இந்தியத் தேனீயை உழவர்கள் நன்கு அறிவர். ஆனால் பென்னாகரம் பக்கத்துப் பொந்தில் இருப்பதும் வத்தல்மலைக் காப்பித் தோட்டத்தில் இருப்பதும் ஒரே வகைதானா? விலை கொடுத்துத் தேனீக் குடும்பம் வாங்குபவருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

பொதுவாக வடக்கே போகப் போகவும், மலை ஏற ஏறவும் இந்தியத் தேனீயின் உடல் பெரிதாகிறது. காஷ்மீரத்து ஈ பெரியது. தென்னாட்டுச் சமவெளி ஈ சிறியது. பலர் நிறத்தைப் பார்த்தே 'இது மலை ஈ' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது சரியன்று. குளிர் நாளில் வளர்ந்த ஈ சற்றுக் கறுத்தும், வெயில் நாளில் வளர்ந்தது மஞ்சளாகவும் இருக்கக் கூடும்.

ஆகவே அறிவியலார் அளக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் சில வேலைக்கார ஈக்களை எடுத்துச் சாராயத்தில் பதப்படுத்தி, முன் இறக்கை, பின்கால், நாக்கு ஆகியவற்றைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்பெருக்கி வழியே அளப்பர். பின் இறக்கையின் ஓரத்திலுள்ள கொக்கிகளையும் எண்ணுவர். முன் இறக்கையில் இரு நரம்புத் துண்டுகளின் நீள விகிதம் மிகவும் பயன்படும். ஈ சிறுத்தாலும் பெருத்தாலும் விகிதம் அவ்வளவாக மாறாது அல்லவா! இப்படி இறக்கை நரம்புகளை அளந்துதான் 2022-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கறுப்புத் தேனீயைக் கேரள ஆய்வாளர்கள் தனி இனமாக அறிவித்து, 'ஏபிஸ் கரிஞ்ஞொடியன்' என்று பெயரிட்டனர். அது தனி இனமா, வகை மட்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வத்தல்மலையும் சித்தேரியும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. அங்குள்ள ஈ கறுப்பாக இருக்கிறது என்பதற்காக அந்தப் பெயரை அதற்குச் சூட்டிவிடக் கூடாது.

நுண்பெருக்கி இல்லாத உழவரும் ஓர் அளவு எடுக்கலாம். ஈக்கள் தாமாகக் கட்டிய அடையில், வேலைக்கார ஈ வளரும் அறைகள் பத்தை ஒரே வரிசையில் அளவுகோலால் அளக்க வேண்டும். நம் சமவெளி ஈக்கு இது சுமார் 42 முதல் 45 மில்லிமீட்டர் வரும். இத்தாலியத் தேனீக்கான மெழுகுத் தாளில் சுமார் 54 மில்லிமீட்டர். அந்தத் தாளை நம் ஈக்குக் கொடுத்தால் அடை ஒழுங்காக அமையாது. தாளுக்கான பணமும் வீண். நம் சமவெளி ஈக்கு ஏற்றது சிறிய சட்டங்கள் கொண்ட நியூட்டன் பெட்டியே.

மலையிலிருந்து கொண்டு வந்த குடும்பம், கோடையில் பூவும் குறைந்து வெயிலும் ஏறும்போது பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்து போய்விடலாம். நோய் அபாயமும் உண்டு. 1991-92-இல் தென்னிந்தியாவில் புகுந்த தாய்லாந்து பை நோய் மிகப் பெரும்பாலான குடும்பங்களை அழித்தது. ஊர்விட்டு ஊர் குடும்பங்களை மாற்றினால் அத்தகைய நோயும் கூடவே பயணம் செய்யும்.

எனவே பேயெள், எள், புளி, புங்கம் பூக்கும் சமவெளியில் பெட்டி வைப்பவர் அக்கம்பக்கத்துப் பொந்திலிருந்தே குடும்பம் பிடிப்பது நல்லது. மாலையில் இலேசாகப் புகை காட்டி, புழு உள்ள அடைகளை அறுத்துச் சட்டத்தில் வாழை நாரால் கட்டி, ராணி ஈ உள்ளே வந்துவிட்டதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அறைகளை அளக்க, அப்போது மிஞ்சும் அடைத் துண்டே போதும்.