தேனீ வேடத்தில் ஓர் ஈ

துளசிச் செடியில் தேனீ மொய்க்கிறது, பிள்ளைகள் பக்கத்தில் போகவே பயப்படுகிறார்கள், மருந்து அடித்துவிடலாமா என்று கேட்டு வாசகி ஒருவர் படமும் அனுப்பியிருக்கிறார். தயவுசெய்து அடிக்காதீர்கள். படத்தில் இருப்பது ஈ. அதற்குக் கொடுக்கே கிடையாது.

வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை தெரிந்தால் தேனீ என்று முடிவு கட்டிவிடுகிறோம். பூச்சி தின்னும் பறவைகளும் அப்படி ஏமாந்து விலகுவதால்தான் இந்த ஈ பிழைக்கிறது. பட்டையை விடுங்கள், தலையைப் பாருங்கள். தேனீயின் உணர்கொம்பு நீண்டு, நடுவில் மடங்கியிருக்கும். ஈயினுடையதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அவ்வளவு குட்டை. பின்னங்காலில் மகரந்த உருண்டை இருந்தால் சந்தேகமே வேண்டாம், தேனீதான். தேனீக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டு என்பது உண்மையே. ஆனால் பறக்கும் தேனீயின் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் கொக்கி மாட்டி ஒன்றாகிவிடுவதால் யார் எண்ணுவது?

வாசகியின் படத்தில் உள்ள ஈக்குக் கண்ணிலேயே வரிகள் ஓடுகின்றன. எரிஸ்டலைனஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பூவில் தேன் குடிக்கும் இதன் பிள்ளைப்பருவம் கழிவது சாக்கடையிலும் சாணத் தண்ணீரிலும். அந்த அழுக்கில் மூச்சுவிடக் காற்று ஏது? புழுவின் பின்புறம் ஒரு வால் இருக்கிறது, மூச்சுக்குழாயே அதுதான். எங்கள் வீட்டுப் பழைய டிரான்சிஸ்டரின் ஏரியலைப்போல ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழல்கள். தண்ணீர் ஏற ஏற வால் நீளும். உடம்பைவிடப் பல மடங்கு நீட்டி, நுனியை மட்டும் நீர்மட்டத்தில் வைத்துக்கொண்டு, அடியில் அழுகியதை வடிகட்டித் தின்றுகொண்டிருக்கும். பார்த்தவர்கள் அருவருத்துக் கொதிநீர் ஊற்றுகிறார்கள். நம் கழிவைத் தின்று தீர்க்கிற பிராணிக்கு இதுதான் நாம் கொடுக்கும் கூலி.

இதே குடும்பத்து ஈக்கள் சில அவரையிலும் தட்டைப்பயற்றிலும் அசுவினி அப்பிய இடமாகப் பார்த்து முட்டையிடும். வேளாண் துறையினர் சிர்பிட் ஈ என்பார்கள். அதன் புழுவுக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் துழாவி, ஒரு அசுவினியைக் கவ்வி, அந்தரத்தில் தூக்கிப் பிடித்து உறிஞ்சி, வெறும் தோலைக் கீழே போடும். வளர்ந்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கில் தீர்த்துவிடும். நாமோ அசுவினியைக் கண்டதும் மருந்தடித்து, அதைத் தின்ன வந்ததையும் சேர்த்துக் கொல்கிறோம்.

தெளிப்பானை எடுக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்தின் நடுவே அந்தப் புழு நெளிந்தால், ஒரு வாரம் செடியை அதன் பொறுப்பில் விடுங்கள்.