பழுதான வன்தட்டும் படியெடுக்கும் அறமும்

நான் கணினி படித்தவன் அல்லன். கோலார் தங்க வயலில், ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். என் பாட்டனார் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இங்கே கடை போட்டார். சமண நயினார் குடும்பம் ஆகையால் வீட்டில் நாலைந்து ஏட்டுச் சுவடிகள் இருந்தன. அவற்றை வாசிக்க வேண்டும் என்ற ஆசையில் நானாகவே கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டேன். இப்படிப்பட்டவன் கணினியின் வன்தட்டைப் பற்றிக் கட்டுரை எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். கையில் இருந்ததைப் பறிகொடுக்கப் பார்த்து, பாதி வழியில் மீட்டவன் என்பதே என் தகுதி.

1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் பெரிய அளவில் தொடங்கிய இந்தத் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. வேலை போனது, ஆட்கள் பெங்களூருக்கு ரயிலேறினார்கள். போனவர்களோடு அவர்கள் கதையும் போய்விடுமே என்று எனக்குக் கவலை. 2004 முதல் 2010 வரை, கடை அடைத்த பிறகு, சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், ஊரிகம் லைன்களுக்குப் போய், சுரங்கத்தில் உழைத்த 63 பெரியவர்களின் பேச்சைச் சின்னப் பதிவுக் கருவியில் பிடித்தேன். மரமுட்டு வைத்தவர், கேஜ் இயக்கியவர், வெடி வைத்தவர், அவர்களுக்குக் கஞ்சி சுமந்த பெண்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. அந்த 63 பேரில் முக்கால்வாசிப் பேர் இன்று இல்லை. அவர்கள் குரல் முழுவதும் என் கடைக் கணினியில், 500 ஜிகாபைட் வன்தட்டு ஒன்றில் இருந்தது. ஒன்றே ஒன்றில்!

2023 மழைக்காலத்தில் ஒருநாள் அந்தக் கணினி மந்தமாயிற்று. ஒரு கோப்பைத் திறக்கப் பத்து நிமிடம் பிடித்தது. பழுது பார்க்கும் தம்பி ஒருவர் வந்து, "ஒண்ணும் இல்லைங்க, செக் டிஸ்க் ஓட விட்டா சரியாயிடும்" என்றார். ராத்திரி முழுக்க ஓடியது. விடிந்து பார்த்தால் ஒன்பது பதிவுகளின் பெயரே காணோம். பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் என் தங்கை மகனுக்குப் போன் போட்டேன். அவன் பதறிப்போய், "மாமா, மொதல்ல கரண்ட ஆஃப் பண்ணுங்க. நான் வர்ற வரைக்கும் அதை ஆன் பண்ணாதீங்க" என்றான். அந்தச் சனிக்கிழமை மாரிகுப்பம் ரயிலில் வந்து இறங்கினான். அவனிடம் கேட்டும், பிறகு நானே தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை இனிச் சொல்கிறேன்.

வன்தட்டுக்குள் என்ன இருக்கிறது?

பெட்டிக்குள் கண்ணாடி போல வழவழப்பான ஒன்றோ பலவோ வட்டத் தகடுகள் உண்டு. அவற்றின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று வேகத்தில் அவை சுழலும். படிக்கும் முனை தகட்டைத் தொடாது. சுழற்சியில் எழும் காற்றின் மேல் மிதக்கும். தகட்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்த இடைவெளி எவ்வளவு நுணுக்கம் என்பது விளங்கும். ஒரு தூசு அங்கே பாறாங்கல். எங்கள் ஊரில் காற்றடித்தால் சயனைடு மண்மேட்டிலிருந்து பறக்கும் பொடி வீட்டுச் சோற்றில் விழும். இந்த ஊரில் உட்கார்ந்து வன்தட்டின் மூடியைத் திருப்புளி போட்டுத் திறப்பது, அதை நம் கையாலேயே புதைப்பதற்குச் சமம். எந்த ஊரிலும் அப்படித்தான். அதைத் திறப்பதற்கென்று தூசு நீக்கிய அறை வைத்திருக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள்.

தகட்டில் செய்தி சிறு சிறு பிரிவுகளாக எழுதப்படுகிறது. பழைய தட்டுகளில் ஒரு பிரிவு 512 பைட், புதியவற்றில் 4096. எந்தக் கோப்பு எந்தப் பிரிவுகளில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை தனியே ஓர் இடத்தில் இருக்கும். நம் கடைப் பேரேட்டுக்கு முன்னால் பெயர்க் குறிப்பு வைப்பதைப் போல. நாம் ஒரு கோப்பை அழித்தால் பெரும்பாலும் அந்தக் குறிப்பில்தான் கோடு விழுகிறது. உள்ளே கணக்கு அப்படியே இருக்கும், வேறு கணக்கை அதன்மேல் எழுதும் வரையில்.

இரண்டு வகை நோய்

ஆகவே வன்தட்டுக்கு வரும் நோய் இரண்டு வகை. ஒன்று குறிப்பேடு கெடுவது: தவறி அழித்தது, நடுவில் மின்சாரம் போனது, வைரஸ் புகுந்தது ஆகியவை இதில் சேரும். மற்றொன்று உடம்பே கெடுவது: பிரிவுகள் பழுதாவது, முனை தேய்வது, மோட்டார் நிற்பது, மின்பலகை கருகுவது. முதல் நோய்க்கு வீட்டிலேயே வைத்தியம் செய்யலாம். இரண்டாவதற்கு ஓரளவுதான் செய்யலாம். "டக்... டக்..." என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் முனை போய்விட்டது என்று பொருள் கொள்ளலாம். அப்போது நாம் எதுவும் செய்யாமல் நிறுத்திவிட்டு நிபுணரிடம் கொடுப்பதே நல்லது. ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சிலர் சொல்வார்கள். வெளியே எடுத்ததும் தகட்டில் ஈரம் படியும், உள்ளதும் போகும்.

என்னுடைய தட்டுக்கு வந்தது பிரிவுப் பழுது. கெட்டுப்போன பிரிவை வன்தட்டு ஒரு தடவை படித்துவிட்டு விட்டுவிடாது. திரும்பத் திரும்ப முயலும். அதனால்தான் கணினி மந்தமாகிறது. ஒவ்வொரு முயற்சியிலும் நோயாளியின் மூச்சு கொஞ்சம் போகிறது. செக் டிஸ்க் போன்ற கருவி நல்ல தட்டுக்கு நல்லது. அதன் வேலை குறிப்பேட்டை ஒழுங்காக்குவது. உள்ளே இருக்கும் சரக்கைக் காப்பாற்றுவது அன்று. ஒழுங்குக்குப் பொருந்தாததைக் கழித்துக்கட்டும். அதுவும் சாகக் கிடக்கும் தட்டின் மேலேயே எழுதும். என் ஒன்பது பெயர்கள் அப்படித்தான் போயின.

சுரங்கத்தார் சொன்ன பாடம்

எங்கள் ஊர்ச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அந்த ஆழத்தில் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். நான் பதிவு செய்த ஒரு பெரியவர், மரமுட்டு வைத்தவர், சொன்னார்: "பாறை முனகுற சத்தம் கேட்டா முட்டைச் சரி பண்ணிக்கிட்டு நிக்கக் கூடாது சாமி. ஆளை மேல ஏத்து. முட்டு அப்புறம்." வன்தட்டுக்கும் இதே நியாயம்தான். முதலில் உள்ளே இருப்பதை வெளியே ஏற்று, பழுது அப்புறம்.

அதற்கு என் மருமகன் செய்தது இது. பழைய தட்டைவிடப் பெரிய புதிய தட்டு ஒன்று வாங்கினோம். கணினியை வழக்கமான விண்டோஸில் எழுப்பாமல், பென் டிரைவிலிருந்து லினக்ஸில் எழுப்பினான். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். அது கோப்பு கோப்பாகப் பார்ப்பதில்லை. தட்டை முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவு வரை அப்படியே படியெடுக்கிறது. அதன் அழகு எங்கே என்றால், கெட்ட இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போகிறது. நல்ல இடத்தையெல்லாம் முதல் சுற்றில் சேர்த்துக்கொண்டு, பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வருகிறது. எதை எடுத்தோம், எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைக்கிறது. ஆகவே நடுவில் நிறுத்தி, தட்டு சூடு ஆறிய பின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே ஒரு ஆபத்து உண்டு. எது பழைய தட்டு, எது புதிய தட்டு என்று மாற்றிச் சொல்லிவிட்டால் வெற்றுத் தட்டைக் கொண்டு நிறைந்த தட்டை அழித்துவிடும். இரண்டு தடவை சரிபார்த்த பிறகே கட்டளை கொடுக்க வேண்டும்.

முதல் சுற்று ஒரு ராத்திரியில் முடிந்தது. பாக்கிக்கு இரண்டு நாள் ஆயிற்று. பிறகு பழைய தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, படியிலிருந்து இன்னொரு படி எடுத்து, அதன்மேல்தான் மற்ற வைத்தியமெல்லாம். குறிப்பேட்டைத் திருத்த டெஸ்ட்டிஸ்க், குறிப்பேடு இல்லாமலே கோப்பின் தொடக்க அடையாளத்தைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க போட்டோரெக். இவையும் இலவசம். போட்டோரெக் மீட்கும் கோப்புகளுக்குப் பெயர் இருக்காது. ஒவ்வொன்றாகக் கேட்டுக் குரலை வைத்துப் பெயரிட்டேன். ஒன்பதில் எட்டு கிடைத்தன.

இன்னொரு திகிலும் காத்திருந்தது. நான் தட்டச்சு செய்த குறிப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் குப்பை. போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். உண்மையில் கோப்பு கெடவில்லை. அந்நாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தாம், தாப் என்ற தரங்கள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பழைய எழுத்துரு புதிய கணினியில் இல்லாததால்தான் குப்பையாகத் தெரிந்தது. எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றியதும் எல்லாம் வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் பழைய தமிழ்க் கோப்புகள் குப்பையாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள்.

விண்ணிலிருந்து விழுந்த தட்டு

எவ்வளவு கெட்டாலும் மீளும் என்பதற்கு ஒரு சான்று. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் வானில் சிதறி, நம் கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மறைந்தனர். அதன் சிதைவுகளோடு, செனான் வாயுவைப் பற்றிய சோதனையின் தரவு இருந்த ஒரு வன்தட்டும் கிடைத்தது. 400 மெகாபைட் அளவு. வெளியே கருகிய உலோகக் கட்டி. ஆனால் உள்ளே தகடுகள் பிழைத்திருந்தன. அமெரிக்காவின் கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் அவற்றைச் சுத்தம் செய்து புதிய கருவியில் பொருத்தி ஏறக்குறைய 99 சதவீதத்தை மீட்டார்கள். அந்த ஆய்வு 2008இல் அறிவியல் இதழில் வெளியாயிற்று. ஆனால் அதே கலத்தில் இருந்த வேறு இரண்டு தட்டுகள் மீளவில்லை. ஆகவே நிபுணரை நம்பலாம். நிபுணரை நம்பிப் படியெடுக்காமல் இருக்கக் கூடாது.

ஓலை கற்பித்தது

இதையெல்லாம் நம் முன்னோர் வேறு பொருளில் அறிந்திருந்தார்கள். பனையோலை பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகும். ஆகவே ஏடு முற்றிலும் பொடியும் முன் புதிய ஏட்டில் படியெடுப்பார்கள். சமணர்களாகிய எங்களுக்கு உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திர தானமும் ஓர் அறம். நூலைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பது அது. கொடுத்தவன் வீட்டு ஏடு போனாலும் வாங்கியவன் வீட்டு ஏடு இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டார். கும்பகோணத்துச் சமணர்களிடம் பொருள் கேட்டறிந்தார். ஒரு சுவடியில் செல்லரித்த இடத்தை இன்னொரு சுவடி நிரப்பியது. எல்லாப் படியும் ஒரே வீட்டில் இருந்திருந்தால் சிந்தாமணி நமக்கு ஏது?

இன்றைய கணினி உலகம் இதையே மூன்று–இரண்டு–ஒன்று என்கிறது. படி மூன்று, வைக்கும் பொருள் இரண்டு வகை, அதில் ஒன்று வேறு ஊரில். புதிதாக வரும் எஸ்எஸ்டி தட்டுகளில் சுழலும் தகடு இல்லை என்று மெத்தனமாக இருக்க வேண்டாம். அவற்றில் அழித்த கோப்பின் இடத்தைக் கணினியே சீக்கிரம் துடைத்துவிடுவதால் மீட்பது இன்னும் கடினம். பென் டிரைவை ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்தாலும் அதில் உள்ளது மங்கிப் போகலாம். ஆண்டுக்கு ஒருமுறை, சரஸ்வதி பூஜையன்றாவது, எல்லாப் படிகளையும் திறந்து பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் தட்டின் நாடியைக் காட்டும். மாற்றியமைத்த பிரிவுகள், காத்திருக்கும் பிரிவுகள் என்ற எண்கள் ஏறத் தொடங்கினால் அன்றே புதுத் தட்டு வாங்குங்கள்.

மீளாத அந்த ஒன்பதாவது பதிவு எது தெரியுமா? பாறை முனகுவதைச் சொன்ன அதே மரமுட்டுக்காரப் பெரியவருடையது. நாற்பது நிமிடத்தில் நடுவே பன்னிரண்டு நிமிடம் வெறும் கரகரப்பு. அவர் காலமாகி ஆண்டுகள் பல. அவர் பேத்தி பெங்களூரில் இருப்பது ஞாபகம் வந்து, தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். "2008ல நீங்க தாத்தாவுக்கு ஒரு சிடி குடுத்தீங்களே அங்கிள், அவர் டிரங்குப் பெட்டியிலதான் இருக்கு" என்றாள். பழைய சிடி, சில இடம் படிக்க முடியவில்லை. ஆனால் என் பன்னிரண்டு நிமிடம் அதில் நல்லபடியாக இருந்தது. கொடுத்ததையே மறந்துவிட்டிருந்தேன். நான் பூட்டி வைத்தது போயிற்று; கொடுத்தது தங்கிற்று.

ஊர் விட்டு வந்த குடும்பங்களுக்குச் சொத்து என்பது பெரும்பாலும் நாலு போட்டோவும் நாலு குரலும்தான். இந்த மலரை வாசித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டுக் கணினியில் இருப்பதற்கு ஒரு படி எடுங்கள். எடுத்ததை வேறு ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பிவையுங்கள்.