மறைந்துபோன வள்ளிக்கிழங்கு

மாணவ நண்பர்களே, உங்கள் வண்ணப்பெட்டியைத் திறந்து ஒரு மீன்கொத்தியை வரைய முயன்றிருக்கிறீர்களா? ஏரிக்கரையிலும் மின்கம்பியிலும் நாம் அடிக்கடி காணும் வெண்மார்பு மீன்கொத்தியைத்தான் சொல்கிறேன். அலகின் சிவப்பு எளிதில் வந்துவிடும். தலைக்கும் வயிற்றுக்கும் பழுப்பு இருக்கிறது. மார்பின் வெண்மைக்குத் தாளை அப்படியே விட்டுவிட்டால் போதும். முதுகின் நீலந்தான் வராது. எந்த நீலத்தைத் தடவினாலும் சன்னலுக்கு அடித்த வண்ணம்போலத் தோன்றுமே ஒழிய, வெயில் பட்டுப் பளிச்சிடும் அந்த நீலம் ஆகாது. இது உங்கள் கையின் குறையன்று. பெட்டியிலுள்ள நீலமும் பறவையின் நீலமும் வெவ்வேறு வழிகளில் பிறந்தவை. அதைச் சற்றுப் பின்னர் காண்போம். இத்தகைய கேள்விகளைக் கிளப்பிவிடும் ஒரு நல்ல பழக்கத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

செடி, கொடி, பறவை, பூச்சி ஆகியவற்றை நேரில் பார்த்து வரைகிறவர்கள் ஒன்று சேர்ந்து குழு அமைத்துக்கொள்வது பல நாடுகளில் உள்ள வழக்கம். இங்கிலாந்தில் 1964-ல் வனவிலங்கு ஓவியர் கழகம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சார்ந்த ஓவியர்கள் 1968-ல் இயற்கை அறிவியல் ஓவியர்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். இவை தொழில்முறை ஓவியர்களின் அமைப்புகள். ஆனால் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தாலும் குழுதான். விடுமுறை நாளில் ஏரிக்கரைக்குப் போவது, ஆளுக்கொரு தாளில் வரைவது, ஒருவர் படத்தை மற்றவர் பார்த்து, “அந்தக் கால் இப்படியா மடங்குகிறது?” என்று கேட்பது, ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ படங்களை மாட்டி ஊராருக்குக் காட்டுவது, இவ்வளவே அதன் வேலை. ‘இப்படியா மடங்குகிறது’ என்ற அந்தக் கேள்வியில்தான் அறிவியல் தொடங்குகிறது என்பது என் கருத்து.

தமிழ்நாட்டுக்கு இது புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு 1819-ல் வந்த இராபர்ட் வைட் என்பவர், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக ஒரு நூல் வெளியிட்டார். அதில் 2,101 படங்கள் உள்ளன. மூலப்படங்களை வரைந்தவர்களில் இருவர் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது: ரங்கையா, கோவிந்து. ஒரு பூவைப் பிளந்து அதன் சூலகத்தைப் பெரிதாக்கி வரைய, கைத்திறனோடு தாவரவியலும் வேண்டும். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே வைட் சூட்டினார். பின்னர் அவ்வினம் வேறோர் இனத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டதால் அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. படங்களில் பல எடின்பரோவின் அரசு தாவரவியல் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இனி நம் காலத்துக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கோரம், பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள பொதட்டூர்பேட்டை நெசவால் வாழும் ஊர். அங்கே பத்து மாணவர்கள் இப்படி ஒரு குழு தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். சாயமும் நூலும் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளைவிட நிறத்தைப் பற்றிப் பேசத் தகுந்தவர் யார்? அவர்கள் நடத்தும் கண்காட்சியில் படங்களோடு சில பொருள்களும் வைத்தால் எப்படி இருக்கும்? நான் முதலில் வைக்கச் சொல்வது மூன்று சர்க்கரைவள்ளிக்கிழங்குகள்!

சிரிக்க வேண்டாம். இது அமெரிக்க ஓவியர் அபட் தேயர் உண்மையில் நடத்திக் காட்டியது. 1896 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பறவையியல் அறிஞர்கள் கூடியிருந்தார்கள். தேயர் அவர்களை வெளியே அழைத்துச்சென்றார். தரைக்குச் சில அங்குலம் மேலே கட்டிய கம்பியில் மூன்று கிழங்குகளைப் படுக்கைவாட்டில் பொருத்தினார். மூன்றின் மேலும் பசை தடவி, அந்த இடத்து மண்ணையே தூவினார். எனவே மூன்றும் தரையின் நிறமே. பிறகு ஓரத்திலிருந்த இரண்டுக்கு மட்டும் அடிப்பகுதியில் வெள்ளை அடித்து, பக்கங்களில் அது மண்ணிறத்தோடு மெல்லக் கலக்கும்படி செய்தார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு அந்த இரண்டும் தெரியவே இல்லை! தரையின் நிறத்திலேயே இருந்த நடுக்கிழங்கோ கருத்துத் துருத்திக்கொண்டு நின்றது. சிலர் நம்பவில்லை. தேயர் நடுக்கிழங்குக்கும் அடியில் வெள்ளை அடித்தார். அதுவும் மறைந்தது.

காரணம் எளிய ஒளியியல். வெயில் மேலிருந்து வருகிறது. உருண்ட பொருளின் மேற்பகுதிக்கு 100 பங்கு ஒளி கிடைத்தால், தரையில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டுமே பெறும் அடிப்பகுதிக்கு 25 பங்கு கிடைப்பதாகக் கொள்வோம். முழுதும் ஒரே நிறமாக இருந்தால் மேலே வெளுப்பாகவும் கீழே கருப்பாகவும் தெரியும். அந்த வேறுபாட்டைக் கொண்டுதான் ‘இது உருண்டை’ என்று நம் கண் அறிகிறது. ஓவிய ஆசிரியர் பந்து வரையச் சொல்லும்போது அடியில் நிழல் தீட்டச் சொல்வது இதற்காகவே. இப்போது மேற்பகுதி நூற்றுக்கு 20 பங்கும், அடிப்பகுதி நூற்றுக்கு 80 பங்கும் ஒளியைத் திருப்பி அனுப்பும்படி வண்ணம் பூசுங்கள். மேலிருந்து வருவது 20, கீழிருந்து வருவதும் 20. நிழல் அழிந்தது, உருண்டை தட்டையாயிற்று. தட்டையானது பின்னணியோடு கலந்துவிடும்.

புள்ளிமானின் முதுகு கருஞ்சிவப்பு, வயிறு வெள்ளை. பல மீன்களும் அப்படியே. நூற்றாண்டுக் கணக்காக எல்லாரும் பார்த்த செய்திதான். ஆனால் அதன் பொருள் பந்துக்கு நிழல் தீட்டிப் பழகிய ஒருவருக்குத்தான் பளிச்சென்று புலப்பட்டது. ஓவியர் நிழலைச் சேர்த்து உருவம் காட்டுகிறார். இயற்கையோ நிழலை அழித்து உருவத்தை மறைக்கிறது. கிளையில் தலைகீழாகத் தொங்கும் சில புழுக்களுக்கு வயிறு கருமையாகவும் முதுகு வெளுப்பாகவும் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், மாவால் செய்த போலிப் புழுக்களை மரக்கிளைகளில் வைத்துச் சோதித்தார்கள். மேலே கருமையும் கீழே வெளுப்புமாகச் செய்தவற்றைப் பறவைகள் குறைவாகவே தின்றன.

ஆனால் தேயர் இத்தோடு நிற்கவில்லை. விலங்குகளின் நிறமெல்லாம் மறைவதற்கே என்று சாதிக்கத் தொடங்கினார். 1909-ல் மகனோடு சேர்ந்து வெளியிட்ட பெரிய நூலில், பூநாரையின் செந்நிறம் காலை மாலைச் செவ்வானத்தோடு கலந்து மறைவதற்காக என்றார். முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் 1911-ல் இதை மறுத்து நீண்ட கட்டுரையே எழுதினார். நம் குழுவுக்கு இங்கே ஓர் அருமையான வேலை இருக்கிறது. பூநாரைகளைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் அங்கு வருகின்றன. விடியற்காலையில் கிழக்கு நோக்கி உட்கார்ந்து, தெரிவதைத் தெரிந்தபடி வரையட்டும். தாளில் என்ன வரும்? கருநிழல் உருவங்கள்தான் வரும். பிரகாசமான வானம் பின்னால் இருக்க, நம் பக்கம் திரும்பிய உடலுக்கு ஒளி குறைவு. பறவை என்ன நிறமாயினும் கருப்பாகவே தெரியும். கிழங்கைக் கொண்டு வந்த அதே ஒளியியல்தான் இது! தேயர் இதில் தம் கண்ணை நம்பாமல் கொள்கையை நம்பிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பூநாரையின் செந்நிறம் உணவிலிருந்து வருவது. சிறு பாசிகளிலும் அவற்றை உண்ணும் சிற்றுயிர்களிலும் உள்ள கரோட்டின் வகை நிறமிகள் உடலில் சேர்ந்து இறகில் ஏறுகின்றன. குஞ்சுகள் சாம்பல் நிறமாகவே இருக்கும்.

நிறமி என்றால் வண்ணப்பெட்டியில் இருப்பதும் அதுதான், சாயத்தொட்டியில் இருப்பதும் அதுதான். சில அலைநீளங்களை அது உறிஞ்சிக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தருகிறது. ஆகவே பூநாரையை வண்ணத்தால் பிடித்துவிடலாம்.

மீன்கொத்தியின் முதுகில் நீல நிறமியே இல்லை. நகத்தைப் போன்ற கெரட்டின் என்னும் பொருளும் அதனுள் பஞ்சுபோல நுண்ணிய காற்றுப் புழைகளும் மட்டுமே நீலத்துக்குக் காரணம். அடியில் ஒரு கருநிறமிப் படலம் உண்டு. புழைகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருப்பதால், அவற்றில் பட்டுச் சிதறும் அலைகளில் நீலம் ஒன்றையொன்று வலுப்படுத்துகிறது, மற்றவை அடங்கிவிடுகின்றன. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் நிறங்கள் தோன்றுவதும் இத்தகைய குறுக்கீட்டு விளைவால்தான். நம் சர் சி. வி. இராமனும் இதில் ஈடுபட்டார். பனங்காடையின் இறகுகளை ஆராய்ந்து 1934-ல் கட்டுரை எழுதினார். புழைகள் தனித்தனியே ஒளியைச் சிதறடிப்பதில்லை, ஒத்திசைந்து சிதறடிக்கின்றன என்பதை 1998-ல் ரிச்சர்ட் பிரம் முதலியோர் மின்னணு நுண்ணோக்கிப் படங்களைக் கொண்டு காட்டினார்கள்.

மயிலில் இந்த அமைப்பு இன்னும் ஒழுங்கானது. தோகையின் நுண்ணிழைகளில் கருநிறமிக் குச்சிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 2003-ல் சீன அறிவியலாளர்கள் இடைவெளியை அளந்தார்கள். நீலப்பகுதியில் 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.) 25 நானோமீட்டர் கூடியதும் நீலம் மஞ்சளாகிவிடுகிறது! அடுக்கு ஒழுங்காக இருப்பதால், பார்க்கும் கோணம் மாறினால் மயிலின் நிறமும் மாறும். மீன்கொத்தியின் பஞ்சமைப்பு எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால் அதன் நீலம் அவ்வளவாக மாறுவதில்லை.

இந்த இடத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை கையை உயர்த்துவான்: “மயில்கழுத்துச் சேலையும் திருப்பினால் நிறம் மாறுகிறதே, ஐயா?” ஆம், மாறுகிறது. ஆனால் வேறு காரணத்தால். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். துணியைச் சாய்க்கும்போது ஒரு கோணத்தில் பாவு நூல் மிகுதியாக ஒளி வீசுகிறது, மற்றொரு கோணத்தில் ஊடை நூல். ஒவ்வொரு நூலிலும் இருப்பது சாதாரணச் சாயமே. மயிலின் தந்திரம் ஒன்று, தறியின் தந்திரம் மற்றொன்று.

வண்ணத்தால் முடியாததை வேறு வழியில் செய்து பார்த்த ஓவியர்களும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஜம்மு மலைப்பகுதியின் பசோலி ஓவியர்கள், அணிகலன்களில் மரகதம் வரைய வேண்டிய இடத்தில் பொன்வண்டின் இறக்கை மூடியைத் துண்டாக நறுக்கி ஒட்டிவிட்டார்கள். தீப்பெட்டியில் நாம் வளர்த்த அதே வகைப் பச்சை வண்டு! அந்தப் பச்சையும் நுண்படலங்களால் ஆனது, சாயம்போல வெளுப்பதில்லை. ஓவியங்களில் இன்றும் மின்னுகிறது.

ஆகவே கண்காட்சி மேசையில் கீழே உதிர்ந்து கிடந்த மயிலிறகு ஒன்றையும் மயில்கழுத்துத் துணி ஒன்றையும் அருகருகே வையுங்கள். பறவையைப் பிடிப்பதோ கூட்டைக் கலைப்பதோ கூடாது. இறகைச் சன்னல் பக்கம் தூக்கி, ஒளி அதன் வழியே ஊடுருவி வரும்படி பாருங்கள். நீலமும் பச்சையும் போய்ப் பழுப்பு மட்டுமே எஞ்சும். துணியை அப்படிப் பார்த்தால் சாயம் எங்கும் போகாது. இறகை நீரில் நனைத்தும் பாருங்கள். இராபர்ட் ஹூக் 1665-லேயே செய்து, நிறம் போய்விடுவதைக் குறித்து வைத்த சோதனை இது.

வெளியே திறந்த வெளியில் கிழங்குகள் இருக்கட்டும். நண்பகலுக்குச் சற்று முன்பின்னாக வெயில் மேலிருந்து விழும் நேரத்தில் வையுங்கள். பத்தடி, இருபதடி, முப்பதடி தூரத்தில் கோடு கிழித்து, எந்தக் கோட்டில் எத்தனை கிழங்கு தெரிகிறதென்று பார்வையாளர்களையே எழுதச் சொல்லுங்கள். மேகம் மூடினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுக்கிழங்குக்கு மட்டும் வெள்ளை அடித்துவிடாதீர்கள். அது தெரிந்தால்தான் மற்ற இரண்டும் மறைந்திருப்பது யாருக்கும் தெரியும்.