சாந்தோம்ல வீடு, சிங்கப்பூர்ல வேலை, கார்டுல தெரியாத செலவு: அந்த முதல் 3 நாள்



சென்னையில வேலை பார்த்தப்போ வாங்கின கிரெடிட் கார்டை, வெளிநாடு போன பிறகும் பலர் க்ளோஸ் பண்றதில்லை. சாந்தோம் வீட்டு கரண்ட் பில், அப்பாவோட ஹெல்த் இன்ஷூரன்ஸ், அம்மா கேட்கிற ஆன்லைன் ஆர்டர்னு அது ஓடிக்கிட்டே இருக்கும். திடீர்னு ஒருநாள், பேரே கேள்விப்படாத ஒரு கடையில 1 டாலர் செலவு. அரை மணி நேரத்துல இன்னொரு 640 டாலர். ஓடிபி எதுவும் வரலைன்னு வெச்சுக்கோங்க.

ஓடிபி இல்லாம எப்படிப் போச்சு? இந்தியாவுக்குள்ள ஆன்லைன்ல கார்டு போட்டா ஓடிபி கேட்கும்னு நமக்குப் பழகிடுச்சு. வெளிநாட்டு இணையதளங்கள் பலதும் அதைக் கேட்கறதே இல்லை. கார்டு எண், காலாவதி தேதி, சிவிவி இருந்தா போதும். அந்த 1 டாலர், கார்டு வேலை செய்யுதான்னு திருடன் பார்க்கிற டெஸ்ட். சின்னத் தொகைதானேன்னு விட்டுடாதீங்க.

உடனே பேங்க் ஆப்பைத் திறந்து கார்டை ப்ளாக் பண்ணுங்க. ஆப் திறக்கலைன்னா போன். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 1800-ல ஆரம்பிக்கிற இலவச எண் வெளிநாட்டுல இருந்து பெரும்பாலும் போகாது. +91-ல ஆரம்பிக்கிற எண் கார்டுக்குப் பின்னாடியோ பேங்க் இணையதளத்துலயோ இருக்கும். ராத்திரி 2 மணிக்குத் தேடாம இப்பவே சேவ் பண்ணிடுங்க.

ப்ளாக் பண்ணதோட கதை முடியலை. "இது நான் செஞ்ச செலவு இல்லை"ன்னு எழுத்துல புகார் போகணும். ஈமெயிலோ ஆப்போ எதுவா இருந்தாலும் புகார் எண் வாங்குங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. பின்னாடி பேங்க்கோட நடக்கிற மொத்த வாக்குவாதமும் நீங்க எப்போ சொன்னீங்கங்கிற ஒரு கேள்வியிலதான் நிக்கும்.

காரணம், ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை. தப்பு உங்க மேலயும் இல்லை, பேங்க் மேலயும் இல்லை, நடுவுல எங்கேயோ தகவல் திருடு போயிருக்குன்னா, பேங்க்கோட எஸ்எம்எஸ் அல்லது ஈமெயில் வந்து 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். 4-லிருந்து 7 வேலை நாள்னா, 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதுக்கு மேல லிமிட்னா 25,000 ரூபாய் வரை உங்க தலையில விழலாம். 7 நாளும் தாண்டிட்டா, அந்த பேங்க்கோட கொள்கை என்ன சொல்லுதோ அதுதான். பேங்க் மேலயே தப்புன்னா மட்டும் இந்த நாள் கணக்கு கிடையாது.

கவனிங்க, நீங்க சிங்கப்பூர்ல இருந்தாலும் இந்திய கார்டுக்கு இந்திய விதிதான். வேலை நாளும் உங்க ஹோம் பிராஞ்ச் கணக்குதான். உங்க பிராஞ்ச் கச்சேரி ரோட்டுல இருந்தா, நாலாவது சனிக்கிழமையும் பொங்கல் லீவும் அந்த 3 நாள்ல சேராது. ஆனா அங்க சீனப் புத்தாண்டு லீவுன்னு நீங்களா நாளைக் கூட்டிக்க முடியாது. இதுவே அமெரிக்க பேங்க் கொடுத்த கார்டுன்னா கதை வேற. அங்க சட்டப்படி உங்க பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர், ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள்ள எழுதிக் கேட்கலாம்.

நீங்க சொன்ன 10 வேலை நாளுக்குள்ள அந்தத் தொகையை பேங்க் தற்காலிகமா திருப்பி வரவு வைக்கணும். 90 நாளுக்குள்ள புகாரை முடிக்கணும். தப்பு வாடிக்கையாளர் மேலன்னா அதை நிரூபிக்கிற பொறுப்பும் பேங்க்குக்குத்தான். மோசடின்னு நீங்க மறுத்த தொகைக்கு, முடிவு தெரியற வரை கட்டணம் போடக்கூடாது. அதுக்காக மொத்த பில்லையும் கட்டாம விட்டுடாதீங்க. மறுக்காத மீதியைக் கட்டிடணும், இல்லைன்னா சிபில் ஸ்கோர் அடி வாங்கும்.

இப்போ நான் ரொம்ப பயப்படுற விஷயம், அந்த சிம் கார்டு. வெளிநாடு போறப்போ இந்திய சிம்மை அம்மா போன்ல போட்டுட்டுப் போறவங்க எத்தனை பேர்! அலர்ட் போறது சாந்தோம் வீட்டுக்கு. அம்மா அதை விளம்பரம்னு நினைச்சுத் தள்ளிடுவாங்க. பேங்க்கைப் பொறுத்தவரை பதிவான எண்ணுக்குத் தகவல் போயிடுச்சு, நாள் ஓட ஆரம்பிச்சாச்சு. அதைவிட மோசம், "உங்க பையன் கார்டை யாரோ யூஸ் பண்றாங்கம்மா, நிறுத்தணும், வந்த நம்பரைச் சொல்லுங்க"ன்னு ஒரு போன் வந்தா? பதறிப்போய்ச் சொல்லிடுவாங்க. அது உங்க கவனக்குறைவுன்னு ஆகி, புகார் கொடுக்கிற வரைக்கும் போன முழுத் தொகையும் உங்களோடது. சிம்மை உங்ககிட்டயே வெச்சு, ரோமிங் ஆன் பண்ணி, ரீசார்ஜ் விடாம பார்த்துக்கோங்க. கூடவே ஈமெயில் அலர்ட்.

தகவலைக் கொடுத்துட்டா எல்லாம் போச்சான்னு கேட்டா, ஒரு பழைய வழக்கு இருக்கு. கிரெடிட் கார்டு இல்லை, நெட் பேங்கிங். அபுதாபியில வேலை பார்த்த ஒரு தமிழரோட ஐசிஐசிஐ தூத்துக்குடி கிளைக் கணக்குல இருந்து 2007-ல சுமார் 6.46 லட்சம் போச்சு. பேங்க் அனுப்பின மாதிரியே வந்த போலி மெயிலுக்கு அவர் விவரம் கொடுத்திருந்தார். அப்படியும், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தீர்ப்பு சொல்ற அதிகாரியா இருந்த தமிழக ஐடி துறைச் செயலர், பேங்க் போதுமான பாதுகாப்பு செய்யலைன்னு சொல்லி 12.85 லட்சம் கொடுக்கச் சொன்னார். அந்த உத்தரவு வந்தது 2010 ஏப்ரல்ல. ரெண்டரை வருஷம்! 3 நாளுக்குள்ள ஒரு மெயில் அனுப்பறது எவ்வளவோ சுலபம்.

பேங்க் 30 நாள்ல பதில் தரலை, இல்லை பதில் திருப்தியா இல்லைன்னா ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்லயே புகார் போடலாம், செலவு இல்லை. போலீஸ் புகாருக்கு, 1930 இந்தியாவுக்குள்ள கூப்பிடற எண்ங்கிறதால, தேசிய சைபர் கிரைம் புகார் தளத்துல பதிவு பண்ணுங்க.

புகார் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், அது உண்மையிலேயே மோசடிதானான்னும் பாருங்க. ஹோட்டல் பிடிச்சு வைக்கிற முன்பணம், மறந்துபோன ஃப்ரீ ட்ரையல், வேற பேர்ல பில் போடற கடை, இதெல்லாம் சகஜம். ஆனா சந்தேகம் தீர்ற வரை கார்டு ஆஃப்லயே இருக்கட்டும்.

அந்த ஆன்/ஆஃப் வசதி 2020-லேர்ந்து எல்லா இந்திய கார்டுலயும் இருக்கு. நீங்க அந்த கார்டை வீட்டு பில்லுக்கு மட்டும்தான் யூஸ் பண்றீங்கன்னா, சர்வதேசப் பரிவர்த்தனையை இன்னிக்கே ஆஃப் பண்ணிடுங்க. கரண்ட் பில் அதனால நிக்காது. இன்னொண்ணு, ப்ளாக் பண்ண கார்டுக்குப் பதில் வர்ற புதுக் கார்டு பல பேங்க்ல பதிவான சாந்தோம் முகவரிக்குத்தான் போகும். கூரியர் வந்தா கவரைப் பிரிக்காம வெச்சிருக்கச் சொல்லி அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.