செப்பைப் பற்றிக்கொள்ளும் சேர்வைகள்

இலங்கையின் ஊவா மாகாணத்து மீரியபெத்த என்றதும் 2014 அக்டோபர் 29 அன்று தோட்டத் தொழிலாளரின் லயன் குடியிருப்புகளைப் புதைத்த மண்சரிவே நினைவுக்கு வருகிறது. எனினும், அம்மலைச்சரிவுகளின் மண்ணிலிருந்து ஒவ்வொரு மழையிலும் கண்ணுக்குப் புலப்படாமல் கரைந்து இறங்குவனவும் உள்ளன. மீரியபெத்த அமைந்த கொஸ்லந்த வட்டாரத்தில் 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும அருவியின் நீர், கிரிந்தி ஓயாவோடு சேர்ந்து இந்து சமுத்திரத்தை அடையும்போது, உக்கிய இலைதழைகள் தரும் கபில நிறச் சேதனச் சேர்வைகளையும், தேயிலையின் கொப்புள நோய்க்குத் தெளிக்கப்படும் செப்புப் பங்கசுநாசினிகளின் எச்சத்தையும் சுமந்து செல்லக்கூடும்.

கடல்நீரில் செப்பு எவ்வளவு உண்டு என்பதைவிட, அது எந்நிலையில் உண்டு என்பதே முதன்மையான வினா. தனித்த செப்பு அயன் நுண்பாசிகளுக்கு நஞ்சாகும். அதையே ஒரு சேதன மூலக்கூறு பற்றிக்கொண்டால் நச்சு பெரிதும் தணிகிறது. இவ்வாறு உலோகத்தைப் பற்றும் மூலக்கூறு இணையி எனப்படும்.

இணையிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது அரிது என்பதால், அவற்றின் பிடியை ஒரு போட்டியால் அளக்கிறார்கள். கடல்நீரைப் பல சிறு கலங்களில் பகிர்ந்து, கலத்துக்குக் கலம் செப்பைக் கூட்டி, எல்லாவற்றிலும் சலிசிலல்டொக்சிம் என்னும் அறிந்த இணையியை ஒரே அளவில் இட்டு, சமநிலை எய்தும்வரை விடுகிறார்கள். சலிசிலல்டொக்சிம் வென்றெடுத்த செப்பு மட்டும் இரசத் துளியாலான மின்வாயின் மேற்பரப்பில் ஒட்டும்; மின்னழுத்தத்தை எதிர்மின் திசையில் படிப்படியாக மாற்றுகையில் அச்செப்பு இலத்திரன்களை ஏற்க, மின்னோட்டம் ஒரு முகடாக எழும். இயற்கை இணையிகளில் இடம் எஞ்சியிருக்கும்வரை முகடு தாழ்ந்தே நிற்கும். அவை நிரம்பியபின் சேர்க்கும் செப்புக்கு ஏற்ப நேராக உயரும். அவ்வளைவின் வடிவமே இணையியின் அளவையும் பிடியின் வலிமையையும் ஒருங்கே தருகிறது என்பது இம்முறையின் அழகு. இரசத் துளி மின்வாயைக் கொண்டு அளக்கும் முறைக்கு 1922இல் வழிகோலிய செக் நாட்டு அறிஞர் ஹெய்ரொவ்ஸ்கி, 1959இல் நோபல் பரிசு பெற்றார்.

இங்கு அளக்கப்படுவது நனோமோல் அளவு: லீற்றருக்கு ஒரு நனோமோல் செப்பு என்பது, ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஏறத்தாழ 64 பங்கு. எனவே போத்தல்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவாவிடில் விடை பிழைத்துவிடும். இரசமும் நஞ்சு என்பதால் பயன்படுத்திய துளிகளை ஒன்றுவிடாமல் சேகரிக்க வேண்டும்.

பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் மாணவர்கள், ஒரே மழைக்காலத்தில் தேயிலை மலையின் ஓடையிலும் கிரிந்தி ஓயாவின் கழிமுகத்திலும் நீரெடுத்து இவ்வளவீட்டைச் செய்து பார்க்க வேண்டும்.